ஹாம் ரேடியோ: ஜப்பானில் லட்சங்கள், இந்தியாவில் ஆயிரங்கள், ஏன்?

மக்கள்தொகையில் நம்மில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஜப்பானில், 1990களின் நடுவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹாம் நிலையங்கள் இருந்தன. அரசு உரிமம் பெற்ற தனியாட்கள், சொந்த வானொலி செட்டில் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசுவதுதான் ஹாம் ரேடியோ; பேசுபவர்களையும் ஹாம்கள் என்பார்கள். அமெரிக்காவில் இன்று உரிமம் வைத்திருப்பவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் இன்னும் ஆயிரக்கணக்கில்தான். வசதியும் ஆர்வமும்தான் காரணம் என்பார்கள். புதியவர் முதன்முதலாக மைக்கை அழுத்த எத்தனை காலம் காத்திருக்கிறார் என்பதே முக்கியக் காரணம் என்பேன்.

அமெரிக்காவில் தொடக்க நிலை உரிமத்துக்கான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள்; 26 சரியானால் தேர்ச்சி. கேள்வி வங்கி முழுவதும் பொதுவெளியில் கிடைக்கிறது. தேர்வை நடத்துவது ஹாம்களே. சில நாட்களில் கால்சைன், அதாவது ஒருவரை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அழைப்புக்குறி, வந்துவிடும். 1991-லேயே இந்த நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) தேர்வு தேவையில்லை என்றாகி, 2007-ல் எல்லா நிலைகளுக்கும் நீங்கியது.

ஜப்பான் இன்னும் முன்னோடி. 1950களின் இறுதியிலேயே மோர்ஸ் இல்லாத தொடக்க உரிமத்தைக் கொண்டுவந்தது. பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, கடைசியில் ஒரு தேர்வு எழுதினால் போதும். பள்ளிப் பிள்ளைகள்கூட 10 வாட் சக்தியில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசினார்கள். செட் தயாரிக்கும் யாயெசு, ஐகாம், கென்வுட் எல்லாம் உள்ளூர் கம்பெனிகள். செட் வாங்க டோக்கியோவின் மின்னணுக் கடைவீதியான அகிஹபாரா போனால் போதும். ஆனால் செல்போன் வந்ததும், காரில் பேசுவதற்காகவே செட் வைத்திருந்த கூட்டம் கலைந்தது. இன்று 4 லட்சத்துக்கும் கீழே.

இந்தியாவில் 12 வயதிலேயே தேர்வு எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம். தேர்வும் அப்படியொன்றும் மலையல்ல. ஆனால் பாஸான பிறகு உள்துறையின் பின்னணிச் சரிபார்ப்பு மாதக்கணக்கில் இழுக்கிறது. ப்ளஸ் டூவில் தேர்வெழுதிய பிள்ளை, கால்சைன் கைக்கு வருவதற்குள் கல்லூரிக்குப் போய் வேறு ஆர்வத்தில் மூழ்கிவிடுகிறது.

செட் விலை தடைதான், ஆனால் அதை நம்மவர்கள் தாண்டிக் காட்டினார்கள். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸீவரில் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் செட்), விலைகூடிய டோராய்டு என்ற காந்த வளையத்துக்குப் பதில் தண்ணீர்க் குழாய் வாஷரில் கம்பிச்சுருள் சுற்றினார்கள். உலகமே அதைப் பார்த்துக் கட்டியது.

2004 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் ஹாம் செட்டில் செய்திகளை வெளியுலகுக்குக் கடத்தினார்கள். இப்படிக் கைகொடுக்க நமக்கு நிறைய ஹாம்கள் வேண்டும். சரிபார்ப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு 60 நாள் கெடு வையுங்கள், அதுவரை குறைந்த வாட்டில் பேச தற்காலிகக் கால்சைன் கொடுங்கள்.