முன் சக்கரங்கள் எழ வேண்டும்: டிராக்‌ஷன் பாரா, லேடர் பாரா, ஃபோர் லிங்க்கா?

பீன்யாவில் எங்கள் ஷெட்டில் நிற்கும் 1966 ஃபோர்டு மஸ்டாங் நண்பர் ஒருவருடையது. அதன் பின் அச்சு முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்க இந்த மூன்று கம்பி அமைப்புகளில் எதைப் பூட்டுவது என்று ஓசூர்க்கார வெல்டர் அண்ணனும் நானும் மூன்று மாதமாக வாதாடி வருகிறோம். நண்பருக்கு ஒரே ஆசைதான்: கிளம்பும் நொடியில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரு சாணாவது எழ வேண்டும்.

"எஞ்சினின் வலுவை ஏற்றினால் தானாக எழுந்துவிடும்" என்று பலரும் சொல்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இந்தக் காரின் இரு அச்சுகளுக்கும் இடையே 2.74 மீட்டர். எடையில் பாதிக்குச் சற்று மேல் முன்னால் இருப்பதால் எடை மையம் பின் அச்சுக்கு முன்னே ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில் விழுகிறது. தரையிலிருந்து அதன் உயரத்தை அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரையை அரையால் வகுத்தால் மூன்று. அதாவது முன் அச்சின் பாரம் முழுவதும் பின்னுக்குப் போக, புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்கு முடுக்கம் வேண்டும். சாலை டயர் அவ்வளவு பிடிக்காது, வழுக்கிச் சுழலும். வரிப்பள்ளம் இல்லாத மென்மையான பந்தய டயரான ஸ்லிக்கும், ரப்பர் படிந்த ஓடுபாதையும், எடையைப் பின்னே தள்ளுவதும், உயரத்தைக் கூட்டுவதும் சேர்ந்தால்தான் நெருங்கலாம்.

1965-இல் கிரைஸ்லர் நிறுவனம் சில டாட்ஜ், பிளிமத் பந்தயக் கார்களின் பின் அச்சை 15 அங்குலம் முன்னே நகர்த்தியது இதற்காகத்தான். முன் அச்சையும் 10 அங்குலம் முன்னே தள்ளினார்கள். பாரம் பின் டயரில் உட்கார்ந்தது. அதே காலத்து 'ஹெமி அண்டர் கிளாஸ்' என்ற பிளிமத் பாரகூடா காரில் 426 கன அங்குல எஞ்சினையே பின் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்கள். அது முன்புறத்தை வானத்துக்குக் காட்டியபடியே ஓடிப் பெயர் பெற்றது.

ஆனால் மேலே சொன்னது நிலையான கணக்கு. பாடி மேலெழும் வேகமும் இதில் சேரும். முன் ஸ்பிரிங் முழுதும் விரிந்து முடிகிற கணத்தில், எழுந்துகொண்டிருக்கும் பாடி சக்கரங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பின் அச்சைப் பிடிக்கும் இணைப்பின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மொத்தம் எவ்வளவு பாரம் மாறும் என்பதை எந்தக் கம்பியாலும் கூட்ட முடியாது. அது எவ்வளவு சீக்கிரம் டயரில் இறங்குகிறது, பாடி எப்படி எழுகிறது என்பதைத்தான் இணைப்பு தீர்மானிக்கிறது.

இதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். பின் அச்சுப் பெட்டியின் முன்முனையான பினியன் மூக்கில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, செல்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தோம். கிளட்சை விட்டதும் மூக்கு நான்கு விரற்கடை மேலே தூக்கிக்கொண்டது. பின் அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையின் முன்பாதி பாம்புபோல் நெளிந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்து, மீண்டும் நெளிந்தது. டயர் துள்ளித் துள்ளி விழுந்தது. எஞ்சினின் வலுவெல்லாம் அந்த நெளிவிலேயே செலவாயிற்று.

டிராக்‌ஷன் பார் இந்த நோய்க்கு நேர் மருந்து. பழைய வகையில், பட்டைக்கு அடியில் பூட்டிய கம்பியின் முனையிலுள்ள ரப்பர் முட்டு ஸ்பிரிங்கின் முன் கண்ணில் (முன்முனை வளையத்தில்) மோதி முறுக்கத்தை நிறுத்தும். புதிய வகையில், முன் கண்ணருகே ஒரு முக்கோணத் தகடு சுழன்று பட்டையின் முன்பாதியை மேலிருந்து அழுத்தும். சட்டத்தை அறுக்க வேண்டாம், போல்ட் போட்டால் போதும். குழியும் வேகத்தடையும் உள்ள பெங்களூரு சாலையிலும் காரை ஓட்டலாம்.

லேடர் பார் ஏணி வடிவக் கம்பி. பின்னால் அச்சோடு இரண்டு இடத்தில் அசையாமல் இறுகி, முன்னால் ஒரே புள்ளியில் சுழலும். அந்தப் புள்ளிதான் தூக்கும் மையம், அதாவது அச்சு பாடியை மேலே தள்ளும் இடம். நேர்கோட்டில் பாயும்போது இது முரட்டு வலுவோடு உதைக்கும். வளைவில் பாடி சாய்ந்தால் இரு பக்கமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கத் தனிக் கம்பியும் வேண்டும். தெருவில் ஓட்டும் காருக்கு இதை நான் வைக்கமாட்டேன்.

ஃபோர் லிங்க்தான் அண்ணனின் கட்சி. "நான்கு கம்பி, வரிசையாகத் துளை. எந்தத் துளையில் போடுகிறோமோ அங்கே மையம் நகரும். இதைவிட என்ன வேண்டும் தம்பி?" என்கிறார். அவர் சொல்வது உண்மை. மேல், கீழ்க் கம்பிகளின் கோடுகளை முன்னோக்கி நீட்டினால் சந்திக்கும் இடமே மையம். அதை உயர்த்திப் பின்னால் கொண்டுவந்தால் டயரில் அடி கடுமையாக விழும். முன்னே தள்ளினால் தூக்கல் நிதானமாகும். ஆனால் ஒவ்வொரு துளை மாற்றத்தையும் ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும். எங்களுக்கு ஓடுபாதை ஆண்டில் ஓரிரு நாள்தான் கிடைக்கிறது. பின் சட்டத்தையும் அறுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பதிவுள்ள பழைய காரை அப்படி வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை தானியங்கியைவிட எனக்குக் கிளட்ச் உள்ளதுதான் பிடிக்கும், அதன் அடி திடீரென்று விழும். முன்பக்க ஷாக் அப்சார்பரும் எளிதில் விரிந்து மெதுவாகச் சுருங்குவதாக இருக்க வேண்டும். எழுந்த காரை அதுதான் இறக்கி வைக்கும், இல்லாவிட்டால் முன் அச்சின் பாகங்கள் தாங்காது.

ஆகவே என் ஓட்டு புதிய வகை டிராக்‌ஷன் பாருக்கு, ஸ்லிக் டயரோடு. ஒரு சாண் எழும் என்று நண்பரிடம் நான் வாக்குக் கொடுக்கவில்லை. நான்கு விரற்கடை எழுந்தாலே இந்தக் காருக்குப் பெரிது என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை டிக்கிக்கு மாற்றுகிறோம். பினியன் மூக்கில் அதே இடத்தில் மறுபடியும் வெள்ளைக் கோடு போடப்போகிறார் அண்ணன்.