ஒன்பது பனிக்காலம் ஓடிய ஃபெல்லும் அதன் பசையும்

போன ஞாயிறு சுவிட்சர்லாந்தின் பேர்னில் இருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, நீங்க வச்சிருக்கீங்களே, அதே ஃபெல்லு இங்க விலை குறைச்சுப் போட்டிருக்காங்க. வாங்கவா?" ஃபெல் என்றால் பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் ஒட்டி, பின்னே சறுக்காமல் மலை ஏற உதவும் மயிர்ப்பட்டை. யோசிக்காமல் "வேண்டாம்" என்றேன். அந்த நேரம் என் இரண்டு கையிலும் பசை. அதே ஃபெல்லுக்குப் புதுப் பசை போட மூன்று நாளாகப் போராடிக்கொண்டிருந்தேன். கோபத்தில் சொன்னது நியாயமா என்று இரவு படுத்த பிறகுதான் தோன்றியது. அதனால் அவனுக்குச் சொல்ல நினைத்ததை எழுதியே விடுகிறேன். பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் ஃபெல் ஒட்டி மலை ஏறத் தொடங்கியிருக்கும் நம் பிள்ளைகள் வேறு சிலருக்கும் பயன்படட்டும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். என்னுடையது முழு மொஹேர், அங்கோரா ஆட்டு மயிர். சின்ன வயதில் புல் கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடுவோம். கையை அசைக்க அசைக்க அது மேலே மட்டும் ஏறும், கீழே இறங்காது. ஃபெல்லும் அப்படித்தான். மயிர் முழுக்கப் பின்பக்கம் பார்த்துப் படிந்திருக்கும். முன்னே தள்ளினால் வழுக்கிப் போகும், பின்னே சறுக்கப் பார்த்தால் பனியைக் கவ்வும். நைலோன் கூட நன்றாகவே கவ்வும், அதிக நாள் உழைக்கும், விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பலகையை இழுத்துக்கொண்டு போகவேண்டும். மொஹேரில் அந்த இழுவை மிகக் குறைவு. டாவோஸில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த காலத்தில், இரவு வேலை முடிந்து கொஞ்சம் தூங்கி எழும்பி, 3146 மீட்டர் உயரமான ஃப்ளூவேலா ஷ்வார்ட்ஸ்ஹோர்னுக்கு ஏறியிருக்கிறேன். அந்தக் களைப்பிலும் பலகை தானாகவே முன்னே போவது போல இருக்கும். இந்தச் சாமான்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது அந்த ஓட்டம்தான்.

சரி, மறுபக்கத்துக்கு வருகிறேன். பசை.

அந்தப் பசையிடம் நாம் கேட்பது கொஞ்சமல்ல, அது எனக்கும் தெரியும். கடும் குளிரில் பலகையில் ஒட்டவேண்டும், உச்சியில் உரித்தால் பலகையில் ஒரு துளி மிஞ்சாமல் வரவேண்டும், அன்றைக்கே இரண்டாம் முறையும் ஒட்டவேண்டும். என் ஃபெல் முதல் ஏற்றத்தில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. இரண்டாம் ஏற்றத்தில்தான் குணம் மாறும். குளிரில் பசை இறுகிவிடும். பலகையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத பனித்தூள் இருக்கும். அது பசையில் பட்டால் அந்த இடம் ஒட்டாது. ஒட்டாத இடத்துக்குள் இன்னும் பனி புகும். நான்காம் பனிக்காலத்தில் ஒரு நாள் வால்பக்கக் கொக்கி கழன்று, பாதி ஃபெல் பின்னால் தொங்கியது. செங்குத்தான சரிவில் ஒற்றைக் காலில் நின்று ரப்பர் பட்டியால் சுற்றிக் கட்டினேன். விரல்களுக்கு உணர்வு திரும்ப அரைமணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு உரித்த ஃபெல்லைப் பைக்குள் போடுவதே இல்லை. பசைப்பக்கங்கள் ஒன்றோடொன்று சேர மடித்து, ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொள்வேன். மறுபடி ஒட்டுவதற்கு முன் பலகையின் அடியை உலரத் துடைப்பேன். இந்த இரண்டையும் விடாமல் செய்தால் இரண்டாம் ஏற்றமும் கிடைக்கும். (மார்ச் வெயிலில் மயிர் நனைந்து, நிழலுக்குப் போனதும் பனி கட்டியாக அப்பிக்கொள்வது வேறு விஷயம். அதற்கு மெழுகு தேய்த்தால் போதும்.)

மலையில் பட்ட பாட்டைவிட வீட்டில் வைத்துக் காப்பாற்றப் பட்ட பாடு பெரிது. ஊருக்குத் திரும்பிய முதல் வருடம் ஃபெல்லை அக்கா வீட்டு நிலவறையிலேயே விட்டு வந்தேன். வைத்த இடம் சூடாக்கும் குழாய்க்குப் பக்கத்தில். பெப்ரவரியில் போய்ப் பிரித்தால் முன்பக்கத்துப் பசை இளகி நூல்நூலாக இழுபட்டது. இந்தப் பசைக்குச் சூடு ஆகாது. ஈரமான ஃபெல்லை அடுப்புப் பக்கம் காயப்போடவே கூடாது என்று தெரிந்த நான் அந்தக் குழாயைக் கவனிக்கவில்லை.

எங்கள் ஊர் டிக்கோயா இலங்கை மலையகத்தில் குளிர்ந்த இடம்தானே என்று அடுத்த வருடம் இங்கே கொண்டுவந்து, பழைய சாரத்தில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். குளிர் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை இந்தப் பக்கத்து வீடுகளில் எது காய்கிறது? சப்பாத்துக்கும் பெல்ட்டுக்கும் பூஞ்சணம் பிடிக்கிற அலுமாரியில் ஆட்டு மயிர் மட்டும் தப்புமா? மயிர் எல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம், பசை எல்லாம் சாரத்து நூல். நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஒரு முழுநாள் போனது.

வழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அப்பா பெக்டரியில் தேயிலை பெட்டி கட்டும் பகுதியில் இருந்தவர். தேயிலையை ஈரம் 3 சதவீதம் அளவுக்கு வரும்வரை உலர்த்தித்தான் கட்டுவார்கள். கொஞ்சம் விட்டால் காற்றின் ஈரத்தையும் பக்கத்தில் இருக்கிற வாசனையையும் அது இழுத்துக்கொள்ளும். அதனால் அந்தக் காலத்து மரப்பெட்டிக்கு உள்ளே ஈயத்தாள் போடுவார்கள். இப்போது உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய கடதாசிச் சாக்கு. அதில் வெறும் சாக்கு ஒன்று வாங்கினேன். நன்றாகக் காய்ந்த ஃபெல்லின் பசைக்கு மேல் வலைத்துணியை வைத்து மடித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நாலைந்து போட்டு, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினேன். ஐந்து மழைக்காலம் போய்விட்டது. பூஞ்சணம் ஒரு பொட்டுக்கூட இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் நிலவறைச் சூட்டில் கெட்ட பசை கெட்டதுதான். இந்த பெப்ரவரியில் பேர்னுக்குப் பக்கத்துக் கன்ட்ரிஷ் மலைப் பக்கம் ஏறி, உச்சியில் உரித்தபோது பலகையின் அடியில் மஞ்சள் கோடுகள். சறுக்கி இறங்கவே முடியாமல் பனி அதில் பிடித்துக்கொண்டது. டியூபில் வரும் பசையில் தீப்பற்றும் கரைப்பான் இருப்பதால் விமானத்தில் கொண்டுவர முடியாது. கடதாசியில் படலமாகச் சுருட்டி வரும் பசை வாங்கி வந்தேன்.

பழையதை எடுப்பதுதான் வேலை. ஃபெல்லை மயிர் கீழே இருக்க வெறும் மரப்பலகை ஒன்றில் இழுத்து ஆணியடித்து, பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடும் பிரவுண் கடதாசியை மேலே வைத்து, நடுத்தரச் சூட்டில் ஸ்திரிக்கை போட்டு, சூடு ஆறுமுன் கடதாசியை இழுத்தால் பசை அதோடு வரும். எல்லாம் ஒரே தடவையில் வராது. ஒரு ஃபெல்லுக்குப் பதினொரு தாள் போனது. பிறகு புதுப் படலத்தை விரித்து, மறுபடி ஸ்திரிக்கை, ஆறவிட்டு, கடதாசியை மெல்ல உரிக்கவேண்டும். ஆறுமுன் உரித்தால் பசையும் சேர்ந்து வந்துவிடும். முதல் ஃபெல்லில் அப்படித்தான் ஒரு சாண் நீளம் கெட்டு, திரும்பச் செய்தேன். மூன்று நாளும் நாயை வீட்டுக்குள் விடவில்லை. ஒரு மயிர் பறந்து வந்து ஒட்டினாலும் போச்சு.

நேற்று இரண்டு பசைப்பக்கத்தையும் சேர்த்து ஒட்டிப் பார்த்தேன். பிரிக்க ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இரு கையாலும் இழுக்கவேண்டியிருந்தது. புதிதாய் வாங்கிய நாளில்கூட இப்படி ஒட்டவில்லை.

அப்படியிருந்தும் மருமகனிடம் மறுபடி "வேண்டாம்" என்றுதான் சொன்னேன். அவன் பனிக்காலத்தில் நாலு தடவை ஏறுவான். இறங்கி வந்ததும் ஈரமாகவே சுருட்டிக் காருக்குள் போட்டுவிட்டுக் கோடை வரை மறந்துவிடுவான். அவனுக்கு நைலோன் கலந்தது போதும். "அப்போ உங்களோடத எனக்குத் தாங்களேன் மாமா" என்றான். தரமாட்டேன் என்றேன். சாக்கின் வாயைக் கட்டி அலுமாரிக்குள் வைத்தாயிற்று.