மூன்று வருடமாகச் சீன எழுத்துகளைப் பிரித்துப் படிக்கிறேன்

தென் சீனாவின் குவாங்சோ நகரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் ஆறு மாதம், சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யினை வைத்தே சொற்களை மனப்பாடம் செய்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. பத்து, ஆம், நேரம், விஷயம் எல்லாவற்றுக்கும் ‘ஷி’ என்றால் எப்படி நிற்கும்? அதற்குப் பிறகுதான் எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று வருடம் ஆகியும் விடவில்லை.

பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பக்கம் பொருளுக்கு, மறுபக்கம் ஒலிக்கு. ‘ச்சிங்’ என்ற ஒலி உறுப்போடு பேச்சைக் குறிக்கும் உறுப்பு சேர்ந்தால் ‘தயவுசெய்து’, நீர் சேர்ந்தால் ‘தெளிவு’, சூரியன் சேர்ந்தால் மழை விட்ட வானம், நெஞ்சு சேர்ந்தால் ‘உணர்வு’. நான்குமே ச்சிங்தான். குரலின் ஏற்ற இறக்கமான தொனியை மட்டும் காதால் தனியாகப் பழக வேண்டும்.

போன வருடம் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தபோது சுவரில் உடலுறுப்புப் படம் ஒன்றைப் பார்த்தேன். ஓர் எழுத்தின் இடப்பக்கம் நிலா போன்ற வடிவம். உடலுறுப்புப் பெயர்களில் அது நிலா இல்லை, இறைச்சி. வலப்பக்கம் இருந்தது ‘கான்’, ‘காய்ந்த’ என்ற சொல்லில் தினமும் பார்ப்பது. அதுவரை படிக்காத அந்தச் சொல்லை ‘கான்’ என்றே வாசித்தேன். கல்லீரல்! அன்றைய சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

கூட்டுச்சொற்கள் இதைவிடச் சுலபம். மின்மூளை கணினி, மின்பேச்சு தொலைபேசி, மின்நிழல் சினிமா. தீவண்டி என்றால் ரயில். புகைவண்டி என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

ஒரு செயலியில் மட்டும் நிறைய நேரம் வீணானது. ‘அம்மா’ என்ற எழுத்தில் பெண்ணும் குதிரையும் இருப்பதற்கு ஒரு கதை கட்டியிருந்தார்கள். குதிரை அங்கே ‘மா’ என்ற ஒலிக்காக மட்டுமே நிற்கிறது. இப்படிக் கதையாகவே படித்தால் ஒலி உறுப்பைக் கவனிக்கும் பழக்கமே வராது. 1716இல் வந்த காங்ஷி அகராதியின் 214 உறுப்புகளையும் முதலிலேயே நெட்டுருப் போடுவதும் தேவையில்லை. நீர், கை, வாய், பேச்சு, உணவு, மரம், நோய் ஆகியவற்றில் தொடங்கி, சொல் வரவர மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒலி உறுப்பையும் கண்மூடி நம்பக் கூடாது. இங்கே ஓடும் முத்து ஆற்றின் பெயரில் வரும் ‘ஜியாங்’ எழுத்தில் ஒலிக்காக இருப்பது ‘கோங்’. எனக்கு இது வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் சந்தையில் காய் விற்கும் அம்மா இந்தப் பகுதியின் பேச்சான கான்டனீஸில் அந்த ஆற்றைச் சொன்னார். அவர் வாயில் அது ‘கோங்’ என்றே வந்தது.