கோனனின் டுநைட் ஷோ: கடைசி இரண்டு வாரத்திலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்க காமெடியன் கோனன் ஓ'பிரையன் என்பிசி சேனலில் நடத்திய இரவு நேர அரட்டை நிகழ்ச்சியான டுநைட் ஷோ 2009 ஜூன் 1 அன்று தொடங்கி 2010 ஜனவரி 22 அன்று முடிந்தது. மொத்தம் 146 எபிசோட். அதே நாற்காலியில் ஜானி கார்சன் 30 வருடம் உட்கார்ந்திருந்தார், ஜே லெனோ 17 வருடம். கோனனுக்கு எட்டு மாதம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஆஸ்கர் மேடையில் அவரைப் பார்த்துவிட்டுப் பழைய சரக்கைத் தேடிக் கிளம்புகிறவர்கள் இங்கே வந்துதான் முட்டிக்கொள்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தால் பத்தாவதற்குள் கொட்டாவி வந்துவிடும். கடைசி இரண்டு வாரத்தை முதலில் பாருங்கள். மிச்சத்தில் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சியின் கட்டமைப்பு எளிது. இரவு 11:35 முதல் 12:37 வரை. விளம்பரத்தைக் கழித்தால் முக்கால் மணி நேரம் தேறும். அறிவிப்பாளர் ஆண்டி ரிக்டர் பெயர்களைச் சொல்வார், மேக்ஸ் வைன்பர்க்கின் பேண்ட் முழங்கும், கோனன் திரையை விலக்கிக்கொண்டு வந்து அன்றைய செய்தியை வைத்து நின்றபடியே ஜோக் அடிப்பார், அதுதான் மோனோலாக். பிறகு மேசைக்குப் போய் ஒரு காமெடித் துண்டு, இரண்டு விருந்தினர், கடைசியில் ஒரு பாட்டு அல்லது ஸ்டாண்ட்-அப். இந்த அச்சு கார்சன் காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. இரண்டாவது விருந்தினர் வருவதற்குள் பார்ப்பவர்களில் பலர் தூங்கிப் போவார்கள் என்பதால், முதல் கால் மணி நேரம்தான் கல்லா நிரப்பும் நேரம். அங்கே சொதப்பினால் பின்னால் யார் வந்து உட்கார்ந்தாலும் பிரயோஜனமில்லை.

கோனனின் சிக்கல் அந்தக் கால் மணியில்தான் தெரிகிறது. அதற்கு முன் 1993 முதல் 2009 வரை நியூயார்க்கில், 12:35க்குத் தொடங்கும் ‘லேட் நைட்’ என்ற நிகழ்ச்சியை நடத்தியவர் அவர். அந்த நேரத்தில் விழித்திருப்பது கல்லூரிப் பிள்ளைகளும் தூக்கம் வராதவர்களும். அவர்கள் முன்னால் என்ன கிறுக்குத்தனமும் செய்யலாம். 11:35க்குக் காத்திருப்பவர்கள் செய்தி பார்த்துவிட்டு, பல் விளக்கிவிட்டுப் படுக்கப்போகிற குடும்பஸ்தர்கள். அவர்களைப் பயமுறுத்திவிடக் கூடாதே என்ற கவனம் முதல் மாதங்களில் கோனனின் தோளிலேயே உட்கார்ந்திருக்கிறது. மோனோலாக் நீளமாகிறது, ஜோக்குகள் வழுவழுப்பாகின்றன. நியூயார்க் ஸ்டூடியோவில் பார்வையாளர் மடியில் விழுகிற தூரத்தில் நின்றவர், யுனிவர்சல் ஸ்டூடியோஸின் ஸ்டேஜ் 1 என்ற பளபளப்பான பெரிய மண்டபத்தில் சற்றுத் தொலைந்து போகிறார். ரிக்டரைத் தனி மேடையில் தள்ளி நிறுத்தியது இன்னொரு தப்பு. அந்த இருவரின் காமெடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பற்றிக்கொள்ளும்.

இத்தனைக்கும் முதல் எபிசோடின் தொடக்கம் அருமை. நியூயார்க்கில் கோனன் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முடித்த வேலைகளை ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறார். கடைசியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்வது. கோட்டு சூட்டோடு அப்படியே ஓட ஆரம்பிக்கிறார். பின்னணியில் சீப் டிரிக்கின் ‘சரண்டர்’ ஒலிக்க, நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டம். அதே எபிசோடில் யுனிவர்சல் ஸ்டூடியோஸின் சுற்றுலா டிராமைக் கைப்பற்றி, பயணிகளோடு ஸ்டூடியோ வாசலைத் தாண்டி ஊருக்குள் ஓட்டிப்போய், 99 சென்ட் கடையில் நிறுத்துகிற துண்டும் இருக்கிறது. ஒரு நெட்டை ஆள், ஒரு மைக், என்ன நடக்கிறதென்று தெரியாத பொதுஜனம்: கோனனுக்கு இந்த மூன்றும் போதும். ஸ்டூடியோவுக்கு வெளியே எடுத்த துண்டுகள் எதையும் தாராளமாகப் பார்க்கலாம்.

நடு மாதங்களில் தேட வேண்டியவை கொஞ்சம்தான். அலாஸ்கா ஆளுநர் பதவியிலிருந்து விலகிய சேரா பேலினின் விடைபெறும் உரையை நடிகர் வில்லியம் ஷாட்னர் போங்கோவும் பேஸும் ஒலிக்கக் கவிதையாக வாசிப்பது, ஜூலை கடைசியில். ஒரு வார்த்தை மாற்றவில்லை, அதுதான் அதில் வேடிக்கை. அடுத்தது நியூஜெர்சியின் நியூவர்க் நகரோடு சண்டை. அந்த ஊரை வைத்து கோனன் ஒரு ஜோக் அடிக்க, மேயர் கோரி புக்கர் யூடியூபில் தோன்றி நியூவர்க் விமான நிலையத்துக்குள் நுழைய அவருக்குத் தடை விதிக்கிறார். பதிலுக்குப் பதில் என்று வளர்ந்து, கடைசியில் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் வீடியோவில் சமாதானம் பேச, அக்டோபரில் புக்கரே நிகழ்ச்சிக்கு வந்துவிட்டார். செப்டம்பர் 25 படப்பிடிப்பில் நடிகை டெரி ஹாட்சரோடு ஓட்டப்பந்தயம் ஓடி, கோனன் வழுக்கித் தலையில் அடிபட்டுக்கொண்டதும் உண்டு. அன்று இரவு பழைய எபிசோடைத்தான் போட்டார்கள்.

சரி, இவ்வளவு சரக்கு இருந்தும் கடை ஏன் மூடப்பட்டது? மூலக்காரணம் காமெடியில் இல்லை, கடை இருந்த தெருவில் இருக்கிறது.

2004 செப்டம்பரிலேயே என்பிசி அறிவித்துவிட்டது: 2009இல் லெனோ விலகுவார், கோனன் வருவார். ஐந்து வருடம் கழித்துக் கல்யாணம் என்று இன்றைக்கே நிச்சயம் செய்த கதை. கோனன் வேறு சேனலுக்குத் தாவாமல் இருக்க அது உதவியது. ஆனால் நாள் நெருங்கியபோது லெனோ ரேட்டிங்கில் முதலிடத்தில் இருந்தார். அவரை விட்டால் போட்டி சேனலுக்குப் போய்விடுவாரே என்ற பயத்தில், தினமும் இரவு 10 மணிக்கு ‘தி ஜே லெனோ ஷோ’ என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டை எழுதிக் கொடுத்தவர் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

செலவுக் கணக்கு அவர்களுக்கு இனித்தது. 10 மணிக்கு ஓடும் நாடகத் தொடர் ஒரு எபிசோடுக்கு 30 லட்சம் டாலர் வரை விழுங்கும். லெனோவின் ஐந்து நாளும் சேர்ந்தே அதைவிடக் குறைவு. ரேட்டிங் குறைந்தாலும் லாபம்தான் என்று கணக்குப் போட்டார்கள். தங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது சரியான கணக்குதான். விட்டுப்போனது ஊர் நிலையங்களின் கணக்கு.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் இந்த ஏற்பாடு புரியாவிட்டால் கதையே புரியாது. என்பிசி நிகழ்ச்சிகளை ஊர் ஊராக ஒளிபரப்புவது 200க்கும் மேற்பட்ட உள்ளூர் நிலையங்கள். பெரும்பாலானவை வேறு முதலாளிகளுடையவை. அந்த நிலையங்களுக்குச் சோறு போடுவது இரவு 11 மணி உள்ளூர்ச் செய்தி. அதன் விளம்பரக் காசு முழுக்க அவர்களுக்கே. 10 மணிக்குச் சேனலைப் போட்டவர் அப்படியே செய்திக்கும், செய்தியிலிருந்து 11:35க்கும் வழிந்து வருவார். ரிமோட்டைத் தேடி எழுகிறவர் குறைவு. 10 மணியில் கூட்டம் வற்றினால் கீழே உள்ள இரண்டும் வற்றும். பாஸ்டனின் டபிள்யூஹெச்டிஹெச் நிலையம் 2009 ஏப்ரலிலேயே, லெனோவைப் போடமாட்டோம், அந்த நேரத்தில் எங்கள் செய்தியைப் போடுவோம் என்றது. இணைப்பையே துண்டித்துவிடுவோம் என்று என்பிசி மிரட்டியதும் பின்வாங்கியது. அந்த நிலையம் பயந்தது பயந்தபடியே நடந்தது.

செப்டம்பர் 14 அன்று லெனோவின் முதல் இரவை 1.7 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். சில வாரங்களில் அது 50, 60 லட்சத்துக்கு இறங்கியது. நிலையங்களின் செய்தி ரேட்டிங் சரிந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கோனனும் சரிந்தார். மொத்தப் பார்வையாளரில் போட்டி சேனலான சிபிஎஸ்ஸின் டேவிட் லெட்டர்மேன் முந்திவிட்டார். இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு கோளாறு உண்டு. 10 மணிக்கே ஒருவர் சூட் போட்டுக்கொண்டு வந்து, அன்றைய செய்திகளை வைத்து மோனோலாக் சொல்லி, நட்சத்திரங்களை உட்காரவைத்துப் பேசிவிட்டுப் போகிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே சேனலில் இன்னொருவர் அதே செய்தியில் வேறு ஜோக் சொன்னால், பார்ப்பவருக்கு அது மிச்சத்தைச் சுடவைத்துப் பரிமாறியது போலத்தான் இருக்கும். கோனனின் இலையுதிர்கால எபிசோடுகளில் தெரியும் களைப்புக்கு இதிலும் பங்கு உண்டு.

2010 ஜனவரியில் நிலையங்கள் பொறுமை இழந்தன. என்பிசி சொன்ன தீர்வு: 11:35க்கு லெனோவுக்கு அரை மணி, 12:05க்கு டுநைட் ஷோ, அதற்குப் பின்னால் 1:05க்கு, லேட் நைட்டில் கோனனின் இடத்துக்கு வந்த ஜிம்மி ஃபேலன். எல்லோருக்கும் இடம் உண்டு, எல்லோரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். கோனனின் ஒப்பந்தத்தில் நிகழ்ச்சியின் பெயர் இருந்ததே தவிர 11:35 என்ற நேரம் எழுதப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. பதவியை வாங்கும்போது நாற்காலி எந்த அறையில் என்று கேட்காமல் விட்டது பெரிய ஓட்டை. ஜனவரி 12 அன்று அவர் எழுத்தில் பதில் கொடுத்தார். பூமிவாசிகளே என்று விளித்துத் தொடங்கும் அந்த அறிக்கையில், நள்ளிரவு தாண்டி மறுநாளுக்குத் தள்ளப்பட்ட பிறகு அது டுநைட் ஷோவே அல்ல, அதைச் சிதைக்கும் வேலைக்கு நான் துணை போகமாட்டேன் என்பதே சாரம். அன்று இரவு இன்னொரு போட்டி சேனலான ஏபிசியில் ஜிம்மி கிம்மல் லெனோ வேஷம் கட்டியே முழு நிகழ்ச்சியையும் நடத்தினார்.

அங்கிருந்து தொடங்குகிறது பார்க்க வேண்டிய பகுதி. இழக்க ஒன்றுமில்லை என்றானதும் தோளில் இருந்த கவனம் கீழே இறங்கிவிடுகிறது. மோனோலாக் முழுக்க முதலாளியைக் குத்தும் ஜோக். நிகழ்ச்சியையே கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரி விளம்பர இணையதளத்தில் விற்பனைக்கு வைக்கிறார். பார்வையாளர்கள் கோனனின் ஆரஞ்சு முடிப் படங்களோடு, அவர் செல்லப்பெயரான ‘கோகோ’ என்று கத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

உச்சம் ஜனவரி 20. கிளம்புவதற்குள் என்பிசியின் காசைக் கரைக்க முடிவு செய்திருக்கிறோம், எனவே நகைச்சுவையைவிடச் செலவுதான் முக்கியம் என்று அறிவித்துவிட்டு ஒரு கதாபாத்திரத்தை அழைக்கிறார். புகாட்டி வேரான் கார் ஒன்று, எலிக்காது, மீசை ஒட்டப்பட்டு மேடைக்கு உருண்டு வருகிறது. பின்னணியில் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’, அசல் பதிவு. மொத்தம் 15 லட்சம் டாலர் என்கிறார். மறுநாள் கென்டக்கி டெர்பி ஜெயித்த குதிரை மிங்க் ரோமப் போர்வை போர்த்திக்கொண்டு சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி) காட்சி பார்க்கிறது. கடைசி நாள், புதைபடிவ எலும்புக்கூடு ஒன்று பிக்காசோ ஓவியத்தின் மேல் பெலுகா கேவியரைப் பீய்ச்சுகிறது, அதற்கு 6.5 கோடி டாலர். ஜோக் என்று பார்த்தால் காரில் காது ஒட்டியதைத் தவிர எதுவும் இல்லை. விலைப்பட்டியலை நேரான முகத்தோடு வாசிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிலர் நிஜமென்றே நம்பிக் கோபப்பட்டார்கள். கார் பீட்டர்சன் வாகன அருங்காட்சியகத்திலிருந்து இரவல், எலும்புக்கூடும் ஓவியமும் போலி.

கடைசி எபிசோடில் ஸ்டீவ் கேரல் வந்து, வேலையை விட்டுப் போகிறவரிடம் நிறுவனம் எடுக்கும் பேட்டியை எடுக்கிறார். டாம் ஹாங்க்ஸ், நீல் யங், முடிவில் வில் ஃபெரல் பாட கோனனே கிட்டார் வாசிக்கும் ‘ஃப்ரீ பேர்ட்’. எதிர்பாராதது, கோனன் என்பிசிக்கு நன்றி சொல்வதும் யாரும் கசந்துபோக வேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்வதும். குரல் உடைகிறது, ஆனால் இழுக்கவில்லை. முதல் இரவை 92 லட்சம் பேர் பார்த்தார்கள், இதை ஒரு கோடிக்கும் மேல்.

கோனன் விலகுவதற்கான பேரம் முந்தின நாள் முடிந்திருந்தது: மொத்தம் சுமார் 4.5 கோடி டாலர், அதில் கோனனுக்கு 3.3 கோடி அளவில், மீதி 1.2 கோடி அவரை நம்பி நியூயார்க்கிலிருந்து பெட்டி கட்டிவந்தவர்கள் உட்பட சுமார் 200 ஊழியருக்கு. செப்டம்பர் வரை தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தக் கூடாது. லேட் நைட் காலத்திலிருந்து அவர்கள் உருவாக்கிய கதாபாத்திரங்கள் என்பிசியின் சொத்தாக அங்கேயே நின்றுவிட்டன. பிற்காலத்து கோனன் நிகழ்ச்சிகளில் பழைய முகங்களைக் காணோமே என்று தேடுகிறவர்களுக்கு விடை இதுதான். லெனோ மார்ச் 1 அன்று பழைய நாற்காலிக்குத் திரும்பினார்.

பார்ப்பவருக்குச் சில யோசனை. ஜனவரி 12 முதல் 22 வரை தேதி வரிசையில் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் பாதி ஜோக் புரியாது, ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் மேல் ஏறி நிற்கிறது. பாட்டு உரிமைச் சிக்கலால் இணையத் துண்டுகளில் இசை வெட்டப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கலாம். புகாட்டி எலியை ஊமையாகப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. 2009இன் அரசியல் கிசுகிசுக்களை வைத்த மோனோலாக்குகளைத் தயங்காமல் ஓட்டிவிடுங்கள். விருந்தினர் பேட்டிகளில் கோனனின் பழைய நண்பர்கள் வருபவை மட்டும் போதும்.

2010 நவம்பர் 8 அன்று கோனன் டிபிஎஸ் கேபிள் சேனலில் 11 மணிக்குப் புது நிகழ்ச்சி தொடங்கினார். அந்த நேரத்தில் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது ஜார்ஜ் லோபஸின் ‘லோபஸ் டுநைட்’. அவர் சம்மதத்தோடுதான் அதை நள்ளிரவுக்குத் தள்ளினார்கள். 2011 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது.