சிறு காயத் தையலுக்கு எந்த மரப்பு மருந்து?

தையல் போட வருபவர் பெரும்பாலும் அஞ்சுவது அதற்கு முன் போடும் மரப்பு ஊசிக்குத்தான். ஆகவே எந்த மருந்து நெடுநேரம் மரக்க வைக்கிறது என்பதைவிட, எது குறைந்த வலியோடு உள்ளே செல்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அந்த வகையில் 1 சதவீத லிக்னோகெயினே என் முதல் தேர்வு. சில நிமிடங்களில் மரக்கத் தொடங்கி, ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நிற்கும். நாலைந்து தையலுக்கு அது தாராளம். கரைசல் அமிலத்தன்மை உடையதால் எரியும். 10 மி.லி. மருந்துடன் 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 1 மி.லி. கலந்து, மெல்லிய ஊசியால், காயத்தின் உள்விளிம்பு வழியாக மெதுவாகச் செலுத்தினால் அந்த எரிச்சல் வெகுவாகத் தணியும். இவ்வளவு எளிய வழி இருந்தும் அவசரத்தில் அது கைவிடப்படுவது வருத்தத்துக்குரியது.

அளவில் கவனம் வேண்டும். கிலோவுக்கு 4.5 மி.கி. என்ற உச்சவரம்பின்படி 10 கிலோ குழந்தைக்கு 1 சதவீத மருந்து (ஒரு மி.லி.யில் 10 மி.கி.) 4.5 மி.லி.க்கு மேல் கூடாது. 2 சதவீதம் என்றால் அதில் பாதிதான்.

அட்ரினலின் சேர்த்தால் இரத்தக்கசிவு குறையும், மரப்பும் நீடிக்கும். உச்சவரம்பும் கிலோவுக்கு 7 மி.கி. ஆக உயரும். தலை, முகக் காயங்களுக்கு இது மிக உதவும். விரல்களில் அறவே கூடாது என்ற பழைய தடை இன்று தளர்ந்துவிட்டது என்றாலும், இரத்த ஓட்டம் குன்றியவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது.

மற்றொரு மரப்பு மருந்தான புபிவகெயின் பல மணி நேரம் நிற்கும். ஆனால் மரக்கத் தாமதமாகும்; தவறி இரத்தக்குழாயில் ஏறினால் இதயத்துக்கு லிக்னோகெயினைவிட ஆபத்தானது. சிறு காயத்துக்கு அதற்குத் தேவை அரிது.

குழந்தையின் முகத்திலோ தலையிலோ காயம் என்றால் லிக்னோகெயின், அட்ரினலின், டெட்ராகெயின் கலந்த ஜெல்லையே முதலில் வைக்க வேண்டும். 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க நேர்ந்தாலும், ஊசியே தேவைப்படாமல் போகலாம். சுற்றியுள்ள தோல் வெளுத்திருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். மரப்பு போதாமல் ஊசி போட நேர்ந்தாலும் அப்போது வலி குறைவாகவே இருக்கும். ஜெல்லில் உள்ள லிக்னோகெயினையும் மொத்த அளவில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.