ஓராண்டு உருட்டிப் பார்த்த மணிப்பந்து

பார்வையில்லாத மாணவி ஒருத்தி என் பி.டி. வகுப்புக்கு வந்தபோது அவளிடம் விசிலைக் கொடுத்தேன். ஆட்டம் தொடங்க ஒருமுறை ஊத வேண்டும், முடிய ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் பெஞ்சுதான். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. ஒருநாள், "சார், நான் விளையாட வர்றேனா, விசில் ஊத வர்றேனா?" என்று கேட்டுவிட்டாள். அந்த வாரமே இந்தப் பந்தை வாங்கினேன்.

இது பார்வையற்றோர் சத்தத்தைக் கேட்டு ஆடும் கோல்பால் போட்டிக்கான முழு அளவுப் பந்து. சுற்றளவு சுமார் 76 செ.மீ., எடை 1.25 கிலோ. பார்க்கக் கூடைப்பந்து மாதிரி இருக்கும், தூக்கினால் அதைப்போல இரு மடங்கு கனக்கும். கெட்டி ரப்பர். உள்ளே மணிகள், சத்தம் வெளியே வர மேலே எட்டு ஓட்டைகள். அதனால் காற்றடிக்கும் வேலையே இல்லை. இது உருட்டுகிற பந்து. கால்பந்து என்று நினைத்து உதைத்த பையன் அன்று முழுக்க நொண்டினான்.

போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவான ஆட்டம் இது. 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அணிக்கு மூவர், 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலத் தளம். அகலம் முழுவதுமே கோல். எல்லோரும் கண்ணை மறைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

சத்தம் நன்றாகவே வருகிறது, ஆனால் பந்து ஓடும்வரைதான். நின்றுவிட்டால் ஊமை. யாராவது காலால் தட்டிவிடும்வரை எல்லோரும் தரையைத் துழாவுகிறார்கள். சீராகச் சுழலவிட்டு உருட்டினாலும் சத்தம் குறைகிறது. என் வகுப்பின் கெட்டிக்காரப் பசங்கள் இதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்! எதிரொலிக்கிற கூடத்தில் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்பதே குழம்புகிறது. வெளியே மண்ணில் உருட்டாதீர்கள், ஓட்டைக்குள் மணல் போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கனம் வேண்டாம். சாதாரண லேசான பந்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் சரசரவென்று சத்தம் வரும், அதுவே போதும்.

வாங்கியதும் நான் செய்த தப்பு வேறு. "கண் தெரியாவிட்டால் எப்படி இருக்கும் பாருங்கள்" என்று எல்லோருக்கும் கண்ணைக் கட்டினேன். வகுப்பே உச்சுக்கொட்டியது. அவள் முகம் சுருங்கிப்போனது. அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இப்படிப்பட்ட பாவனைப் பயிற்சிகள் பரிதாபத்தை வளர்ப்பதாக ஆய்வுகள் ஏற்கெனவே எச்சரித்திருக்கின்றன. ஜஸ்டின் ஹேகலி போன்ற ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: ஒரே மைதானத்தில் நிற்க வைத்துவிட்டால் சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடாது, தனக்கும் அங்கே இடமுண்டு என்று அந்தப் பிள்ளைக்கே தோன்ற வேண்டும். என் விசிலை நினைத்துக்கொண்டேன். இப்போது கண்பட்டை வெறும் ஆட்ட விதி, வலைப்பந்தில் பந்தோடு ஓடக்கூடாது என்பதுபோல. பிரசங்கம் கிடையாது.

உடற்கல்வி அறிஞர் மஸ்கா மாஸ்டன் சொன்ன பழைய உதாரணம் ஒன்று உண்டு. உயரம் தாண்டும் கயிற்றை மட்டமாகப் பிடித்து ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். அதையே சாய்த்துப் பிடித்தால் அவரவர் முடிந்த இடத்தில் தாண்டிக்கொண்டே இருப்பார்கள். அதை மனதில் வைத்து, எவ்வளவு தூரத்திலிருந்து உருட்டுவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். மணிப்பந்து இல்லாத வகுப்புகளுக்கும் இது பொருந்தும், காசும் ஆகாது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது கண்பட்டைக்காக. கூடவே வந்தவற்றில் பாதி மூன்றே மாதத்தில் தொளதொளத்துவிட்டன, மூக்கோரம் எட்டிப் பார்க்கிறார்கள்.

எல்லைக் கோடு போடக் கயிறும் டேப்பும் தனியாக வாங்க வேண்டும், பெட்டியில் வராது. கயிற்றின் மேல் டேப்பை ஒட்டினால் தடவிப் பார்த்தே கோடு எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். நான் முதன்முதலாக ஒட்டிய கோட்டை அவள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். "கோணலா இருக்கு சார்" என்றாள். அளந்து பார்த்தேன், ஒரு சாண் விலகியிருந்தது.