அப்பத்தா முகமும் 300 ஜிஎஸ்எம் தாளும்

கரி, வாட்டர்கலர், நிப் பேனா என்று அப்பத்தா முகம் ஒன்றையே மாற்றி மாற்றி வரைய இந்த கோல்டு பிரஸ் (சொரசொரப்பான ஓவியத் தாள்) தாள் கட்டை வாங்கினேன். 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை, தடித்த தாள். முதல் மார்க் கரிக்குத்தான். தாளின் சொரசொரப்பு கரித்தூளைக் கவ்விக்கொள்கிறது. கன்னச் சுருக்கம் விரலால் தேய்த்தாலே வந்துவிடுகிறது, பாம்படம் போட்டுத் தொங்கிப்போன காதுத் துளைக்குள் இருட்டும் நன்றாக இறங்குகிறது. ஆனால் ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடிக்காமல் தொட்டால் பாதி முகம் கையில்தான். வாட்டர்கலரில் பூச்சுமேல் பூச்சு தாங்குகிறது, ஓரம் லேசாக வளைவதோடு சரி. நரைமுடிக்கு வெள்ளைச் சாயமே வேண்டாம், தாளைச் சும்மா விட்டாலே போதும். நிப் பேனாவுக்கு இது ஆகாது. முனை மாட்டி மை தெறிக்கிறது. அதற்கு வழவழப்பான ஹாட் பிரஸ் தாள் வாங்குங்கள். அப்பத்தாவுக்குப் பிடித்தது கலர்ப் படம்தான், அதிலும் சேலை நிறம் தப்பாம். விலைதான் கொஞ்சம் கூடுதல்.